கண்டக்டர் காலில் ஊர் மண்

முதல்லயே சொல்லிப்போடறேன், எனக்கு நாய்ன்னாவே ஆகாதுங்க. ஆகாதுன்னா ஆகாதுதான், அதுல ஒளிவு மறைவு ஒண்ணுமில்லை. ஆனா பொள்ளாச்சியில உடுமலை ரோட்டைத் தாண்டி, நார் மில்லுங்களுக்குப் பின்னால, தென்னந்தோப்பை ஒட்டி இருக்கற நாய்க் காப்பகத்துல அன்னாடம் அண்டா நெறையச் சோறு பொங்கி, கோழித் தலையும் காலும் போட்டு வேகவெச்சு, மஞ்சப்பொடி தூவி, ஆறவெச்சு, தட்டுத் தட்டாப் போடறது நான்தான். பேரு பேபி. தலை நரைச்சுப்போச்சு, இன்னும் பேபிதான், என்ன பண்றது.

அங்க இருக்கற நாயெல்லாம் லாரியில அடிபட்டது, கல்லடி வாங்குனது, வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவங்க மறந்தாப்பல விட்டுட்டுப் போனது. கூண்டுலயே கெடந்தா அதுகளுக்குப் புத்தி கெட்டுப்போயிரும், தெனம் ஒரு தடவையாச்சும் கயிறு கட்டி வெளிய நடத்திட்டு வரணும்னு ஜெஸிந்தா டாக்டர் சொல்லுவாங்க. காப்பகமே அவங்களோடதுதான். நடத்தறதுக்குச் சம்பள ஆள் கெடையாது, மனசிருக்கறவங்க தானா வந்து நடத்தணும். யாரு வருவா? காலேஜ்ப் பொண்ணுங்க ரெண்டு நாள் வரும், போட்டோ எடுக்கும், மூணாம் நாள் காத்தாப் போயிரும்.

அப்படி இருக்கறப்பத்தான் மயிலாத்தாக்கா வந்துச்சு. கிட்டுசாமி கண்டக்டரோட சம்சாரம். கிட்டுசாமியண்ணனைத் தெரியாதவங்க எங்கூர்ல இல்லைங்க. வேலையில இருந்த வரைக்கும் வால்பாறை பஸ்லயே இருந்து, அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் வாந்தி எடுக்கறவங்களுக்கு எலுமிச்சம்பழம் குடுத்து, மழையிலயும் மஞ்சுலயும் ஸ்டாப் தவறாம எறக்கி விட்ட மனுஷன். ரிட்டயரான சூட்டோட பக்கவாதம் வந்து வலது பக்கம் பூராவும் விழுந்துருச்சு, பேச்சும் போச்சு. மிச்சமிருந்தது இடது கையும், கழுத்துக் கயித்துல தொங்கற கண்டக்டர் விசிலும்தான். ஒரு விசிலுன்னா நில்லு, ரெண்டு விசிலுன்னா போ, பஸ்ல அடிக்கற கணக்குதான். காப்பி வேணுமுங்களான்னு அக்கா கேட்டா ரெண்டு விசில், வேண்டாமுன்னா ஒரு விசில். புருஷன் பொஞ்சாதிக்குள்ள அதுக்கு மேல என்ன பாஷை வேணும், சண்டை கூட அதுலயே போட்டுக்குவாங்க.

"எங்கூட்ல நடக்க முடியாம ஒருத்தரு படுத்திருக்காருங்க. இங்க நடக்கறதுக்குன்னு இத்தனை உசுரு காத்துட்டிருக்குதுன்னு சொன்னாங்க. அவரைத்தான் நடக்கவெக்க முடியலை, இதுல ஒண்ணையாச்சும் நடத்திட்டுப் போறேனுங்"ன்னு அக்கா டாக்டர்கிட்டக் கேட்டுச்சு. காலையில தன் தங்கச்சி வந்து அண்ணன்கூட இருக்கற நேரமாப் பார்த்து வரேன்னு சொல்லுச்சு. ஜெஸிந்தா டாக்டரும், இருக்கறதுலயே ஆகாத நாயாப் பார்த்துக் கையில குடுத்தாங்க. செவலை, ஒரு காது கிழிஞ்சது, கூண்டு மூலையில படுத்தா அசையாது, யாரு கயிறு கட்டினாலும் கல்லாட்டம் உக்காந்துக்கும். அக்கா இழுத்துப் பார்த்துச்சு, பிஸ்கட்டைக் காட்டிச்சு, சாமி கண்ணுன்னு கொஞ்சிச்சு, ஒண்ணுக்கும் அசையலை. கடைசியில கோவம் வந்து, உதட்டைக் குவிச்சு, வீட்டுக்காரர் அடிக்கறாப்பலயே ரெண்டு விசில் அடிச்சுது பாருங்க, செவலை எந்திரிச்சு ஒடம்பை உதறிட்டு நேரா கேட்டைப் பார்த்து நடக்குது!

"அட டிரைவரே!"ன்னு சொல்லி நான் சிரிச்சேன். அன்னைலருந்து அவன் பேரு டிரைவர்.

கேட்டைத் தாண்டறப்ப அக்கா ஊர்ப்பக்கம் திரும்பி, "உங்க பேர்லதானுங்க நடக்கறேன்"ன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சு, வீட்ல கெடக்கற புருஷன்கிட்டச் சொல்றாப்பல. சொல்லிட்டு நார் மில்லுச் சந்துல நடந்து, தோப்புக்குள்ள பூந்து, வாய்க்கால் மேட்டுல ஏறித் திரும்பி வந்துச்சு. வீட்டுக்குப் போனா கட்டில்ல கிட்டுசாமியண்ணனோட ரெண்டு காலும் கணுக்கால் வரைக்கும் நார்த்தூசி, வெரலிடுக்குல வாய்க்கா மண்ணு. கட்டிலை விட்டு எறங்காத காலுக்கு ஏதுடி மண்ணுன்னு தங்கச்சியைக் கேட்க, நானென்ன மண்ணைக் கொண்டாந்து பூசுனேனான்னு அவ சண்டைக்கு வர, அக்கா சுடுதண்ணி வெச்சுக் கால் கழுவி விட்டுச்சு. மறுநாளும் மண்ணு. அதுக்கு மறுநாளும் மண்ணு. கைகாலுக்குப் பயிற்சி குடுக்க வர்ற தம்பி பார்த்துட்டு, இது ஏதோ தோல் வியாதிங்கன்னு ஒரு களிம்பு வாங்கச் சொல்லிட்டுப் போயிருச்சு. அப்பறம் ஒரு நாள் டிரைவர் வெல்லச் சந்தைக்குள்ள இழுத்துட்டுப் போனப்ப அண்ணன் காலெல்லாம் பிசுபிசுன்னு ஆகி எறும்பு ஏறுச்சு, வாய்க்காலுக்குள்ள எறங்குனப்ப மெத்தை நனைஞ்சு பாசி ஒட்டியிருந்துச்சு. களிம்பு வாங்கறதை அக்கா அதோட நிறுத்திப்போடுச்சு.

காலு அசையலைங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆனா சாயங்காலமானா நடந்து அலுத்த மனுஷனாட்டம் ஒரு பெருமூச்சு விடுவாராம், அலுத்துத் தூங்குவாராம், காலையில எட்டு மணியானா கேட்காமயே ரெண்டு விசில் அடிப்பாராம், கெளம்புன்னு.

சேதி வீதிக்குத் தெரிஞ்சுது, வீதியிலருந்து சந்தைக்குப் போச்சு, சந்தையிலருந்து சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் போச்சு. யாரும் வாயைப் பொளக்கலைங்க. எப்படிங்கன்னு கேட்டவங்களை விட, எங்கப்பாருக்கும் ஒரு நாய் கெடைக்குமுங்களான்னு கேட்டவங்கதான் நெறையப் பேரு. படுத்த படுக்கையா ஆள் இல்லாத வீடு எங்க இருக்குது? மறுவாரமே காப்பகத்து வாசல்ல ரேசன் கடையாட்டம் வரிசை. வயசான ஆத்தாவுக்கு ஒண்ணு, தென்னை மரத்துலருந்து விழுந்த அண்ணனுக்கு ஒண்ணு, எந்த நாய் யாருக்கு ஒத்து வருதோ அது அவங்களோடது. கேட்டுல நின்னு இன்னாரு பேர்ல நடக்கறேன்னு சொல்லிட்டுக் கெளம்பணும், சொல்லாமப் போனா அங்க காலு சுத்தமா இருக்கும். நாய் இல்லாம வெறுங்கையா நடந்து பார்த்தாங்க, பலிக்கலை. நார் மில்லு மொதலாளி ஒருத்தரு, வீட்டுல ஏசியில வளர்ற சீமை நாயை நடத்திப் பார்த்தாரு, அதுவும் பலிக்கலை. காப்பகத்து நாய்க்குத்தான் அந்த வித்தை. ஏன்னு என்னைக் கேட்காதீங்க, நான் சோறு பொங்கறவ.

அப்பறம் நடந்த கூத்தெல்லாம் சொல்லி மாளாது. செருப்புக்கடைக்காரரு எந்திரிக்கவே முடியாதவங்களுக்குச் செருப்பு வித்தாரு, அதுகளும் கட்டில்ல கெடந்தபடியே குதிகால் தேய்ஞ்சு தைக்க வந்துச்சு. கோயில்ல குண்டம் எறங்கி நெருப்பு மிதிக்கறதா வேண்டிக்கிட்டுப் படுத்துட்ட ஆத்தா ஒருத்திக்காக, தணலெல்லாம் அணைஞ்ச பொறவு அவங்க மகன் குண்டத்துச் சாம்பல்ல நாயைக் கூட்டிட்டு நடந்தான், ஆத்தா உள்ளங்காலு சித்தெ செவந்து வெதுவெதுன்னு இருந்துச்சுன்னு வீடே அழுதுச்சு. இன்னொரு வீட்ல பெரியவரு காலு தெனமும் பிராந்தி வாசம் அடிச்சுது, பொஞ்சாதி வந்து நாயைப் பிடிச்சுக்கிட்டு, "ஏண்டா, அந்தக் கடைப்பக்கம் போவாதே போவாதேன்னு அவருகிட்ட முப்பது வருசம் கத்தினேன், இப்ப உங்கிட்டயும் கத்தணுமா?"ன்னு ஒரே ரகளை. நாயென்ன பண்ணும்? கயித்தைப் பிடிச்சிருந்தது அவரு மச்சினன்.

நாய்ங்களுக்கும் நல்ல காலம்தான். குளிப்பாட்டறதென்ன, முட்டை கொண்டாந்து குடுக்கறதென்ன, பொங்கலுக்கு மாட்டுக்குப் போடறாப்பல மாலை போட்டதென்ன! என் சோத்தை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பற அளவுக்குப் போச்சு.

இதுல ஒரு வெசனம் வந்து சேர்ந்துச்சு. காப்பகமுங்கறது நாயைக் கொஞ்ச நாள் வெச்சிருந்து, தேத்தி, நல்ல வீடாப் பார்த்துக் குடுக்கறதுக்குத்தான. ரோஸின்னு ஒரு கறுப்பு நாயை உடுமலையிலருந்து வந்த குடும்பம் ஆசையா எடுத்துட்டுப் போச்சு. அதோட இங்க ரோஸி நடத்திட்டிருந்த ஆத்தாவோட காலு சுத்தமாயிருச்சு. மக வேற வேற நாயை மாத்தி மாத்தி நடத்திப் பார்த்தா, ஒண்ணும் ஆகலை, ஒருத்தருக்கு ஒரு நாய்தான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கயிறு கை மாறுனா நடை அறுந்துரும்னு ஊரு முடிவு கட்டிருச்சு.

அதுக்கப்பறம் எங்க ஜனங்க பண்ணுன காரியம் இருக்குதே! நாய் கேட்டு யாராச்சும் வந்தா, வாசல்லயே மடக்கி, அது கடிக்குமுங்க, அதுக்குச் சொறிங்க, அது ராத்திரியெல்லாம் ஊளையிடுமுங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவாங்க. நல்லவங்க, சாமி கும்பிடறவங்க, பொய்யே பேசாதவங்க, எல்லாருமா நின்னு வாய் கூசாமச் சொன்னாங்க. வீடு கெடைக்கற நாயெல்லாம் கூண்டுலயே நின்னுபோச்சு, புதுசா அடிபட்டு வர்றதுக்கு எடமே இல்லை. ஒரு நாள் இடுப்பொடிஞ்ச குட்டியொண்ணைச் சாக்குல போட்டுக் கொண்டாந்தவங்களை, எடமில்லைன்னு டாக்டர் திருப்பி அனுப்ப வேண்டியதாயிருச்சு. அன்னைக்கு அவங்க என் அடுப்படியில வந்து நின்னு அழுததை நான் பார்த்தேன். யாரைத் திட்டுவாங்க? அப்பனுக்குன்னு, ஆத்தாளுக்குன்னு நடக்கறவங்களை எந்த வாயால திட்டறது?

இப்படி இருக்கறப்ப ஒரு ஞாயித்துக்கெழமை ரெபேக்கான்னு ஒரு நர்ஸம்மா வந்தாங்க. வால்பாறை மலையில கவர்க்கல் எஸ்டேட் ஆஸ்பத்திரியில வேலையாம், தனிக்கட்டையாம். எஸ்டேட் ஆளுங்க குடியிருக்கற லைன் வீடு லைன் வீடா நடந்தே போய் ஊசி போடணும், மஞ்சு எறங்குனா நம்ம கையே நமக்குத் தெரியாது, கூட நடக்க ஒரு தொணை வேணுமுன்னாங்க. எல்லாக் கூண்டையும் பார்த்துட்டு டிரைவர் கூண்டுகிட்ட வந்து குத்த வெச்சு உக்காந்தாங்க. மயிலாத்தாக்காவைத் தவிர ஒரு மனுஷரை ஏறெடுத்துப் பார்க்காத டிரைவர், எந்திரிச்சு வந்து கம்பி வழியா மூஞ்சியை நீட்டி அவங்க கால் மேல தாடையை வெச்சுக்கிட்டான்.

"அய்யோ, அது கடிக்குமுங்க!"ன்னு பின்னால வரிசையே கத்துச்சு.

மயிலாத்தாக்கா அப்பத்தான் கயித்தைக் கையில வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்துச்சு. அக்கா மூஞ்சியை நான் பார்த்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை, ஆமாங்கன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நர்ஸம்மா அடுத்த பஸ் ஏறிப் போயிருப்பாங்க, கிட்டுசாமியண்ணனும் நாளைக்கு நடந்திருப்பாரு.

"கடிக்கமாட்டானுங்கம்மா. நடக்கத்தான் மாட்டான். ரெண்டு விசில் அடிச்சாத்தான் எந்திரிப்பான்"ன்னு அக்கா சொல்லுச்சு. "ஆனா இவனை அனுப்பறதுக்கு எங்கூட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்கணுமுங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை வாங்கொ."

அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுச்சுங்க எனக்கு. கையில கரண்டி இருந்துச்சு, கும்பிடலை.

அந்த வாரம் பூரா அக்கா கேட்டுப் பார்த்துருச்சு. டிரைவரைக் கேட்கறாங்க, மலைக்குப் போறானாம், குடுத்துடலாமுங்களா? விசில் இல்லை. வேண்டாம்னு சொல்லிடட்டுங்களா? அதுக்கும் விசில் இல்லை. ஒரு விசிலும் இல்லை, ரெண்டு விசிலும் இல்லை, மனுஷன் செவுத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டாரு. "எதுன்னு அடிச்சுத் தொலைங்களேன், நானே முடிவு பண்ணுனா நாளைக்கு என்னையத்தான வைவீங்க!"ன்னு அக்கா கத்திட்டு, அடுக்களையில போய் அழுதுட்டு, வந்து கால் கழுவி விட்டுச்சாம்.

ஞாயித்துக்கெழமை நர்ஸம்மா வந்ததும், டாக்டர்தான் சொன்னாங்க, கிட்டுசாமி டிரைவரைப் பார்த்ததே இல்லையே, பாக்காம எப்படிச் சொல்லுவாருன்னு. சரிதானுங்க, இத்தனை நாளா தன்னை நடத்திட்டுப் போற நாயை அந்த மனுஷன் கண்ணால கண்டதில்லை. டிரைவரைக் கூட்டிக்கிட்டு நாங்க நாலு பொம்பளைங்களும் வீட்டுக்குப் போனோம். எங்க பின்னால பாதி வீதி வந்துச்சு. டிரைவர் யாரையும் கேட்காம நேரா கட்டிலுக்குப் போயி, கழுவி வெச்சிருந்த காலை மோந்தான், தன் காலை மோந்தான், மறுபடி அந்தக் காலை மோந்து, உள்ளங்காலை நக்குனான்.

கிட்டுசாமியண்ணன் அந்த நாயை ரொம்ப நேரம் பார்த்தாருங்க. கிழிஞ்ச காதைப் பார்த்தாரு, இடது கையை எறக்கி அந்தக் காதைத் தடவுனாரு. கண்ணுல தண்ணி பொல பொலன்னு கொட்டுச்சு. அப்பறம் விசிலை எடுத்து வாயில வெச்சாரு. ஒண்ணு அடிச்சாரு.

நில்லுன்னு சொல்லிட்டாருன்னு ஜனம் மூச்சு விட்டுச்சு. அக்கா கண்ணை மூடிக்கிச்சு. அண்ணன் வாயோரம் ஒழுகுன எச்சலைத் தொடைச்சுட்டு, மூச்சு வாங்கிட்டு, இன்னொண்ணு அடிச்சாரு.

ரெண்டு விசில். டிரைவர் எந்திரிச்சு ஒடம்பை உதறிட்டு வாசலைப் பார்த்து நின்னான்.

"எனக்கு விசிலடிக்க வராதுங்களே"ன்னு நர்ஸம்மா மெதுவாச் சொன்னாங்க. வாயைக் குவிச்சுப் பார்த்தாங்க, வெறுங்காத்துதான் வந்துச்சு. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறதுக்குள்ள, அண்ணன் இடது கையால கழுத்துக் கயித்தைத் தலை வழியா இழுத்து, அது காதுல சிக்கிக்க, மறுபடி இழுத்துக் கழட்டி, விசிலை நர்ஸம்மாகிட்ட நீட்டுனாரு. காப்பி வேணும்னு சொல்ல, தண்ணி போதும்னு சொல்ல, பொஞ்சாதிகிட்டச் சண்டை போட அவருக்கு இருந்த ஒரே வாயி அது. வாங்க மாட்டேன்னு அவங்க ரெண்டு எட்டுப் பின்னால போனாங்க. நீட்டுன கையை அவரு எடுக்கலை.

"வாங்கிக்குங்கம்மா. அவரு குடுத்தாக் குடுத்ததுதான்"ன்னு மயிலாத்தாக்கா சொல்லுச்சு.

பஸ் ஸ்டாண்டுக்கு அக்காதான் கூடப் போச்சு. பஸ் ஏறுறப்ப நர்ஸம்மா, "கெளம்பறப்ப ஏதோ சொல்லுவீங்களாமே, அது என்னங்க?"ன்னு கேட்டாங்களாம். அதெல்லாம் இங்கத்த வழக்கம், உங்களுக்கு எதுக்குங்கன்னு அக்கா சொன்னதுக்கு, பரவால்ல சொல்லுங்கன்னு கேட்டு வாங்கிட்டுப் போனாங்களாம்.

மறுநாள் கிட்டுசாமியண்ணன் காலு சுத்தமா இருந்துச்சு. அக்கா சுடுதண்ணி வெச்சுக் கழுவத்தான் செஞ்சுச்சு. எட்டு மணிக்கு விசில் சத்தமில்லாத வீட்லருந்து கெளம்பி, எப்பவும் போலக் காப்பகத்துக்கு வந்துச்சு. "இனி எதுக்குக்கா வர்றே?"ன்னு கேட்டேன். "ஏன், மத்ததுக்கெல்லாம் காலு இல்லையா?"ன்னு கேட்டுட்டு, யாரும் நடத்தாத ஒரு நொண்டி நாய்க்குக் கயிறு கட்டுச்சு. வரிசையில நின்னவங்க ஒருத்தரும் நிமிந்து பார்க்கலைங்க. அன்னைலருந்து வாசல்ல பொய் சொல்றது நின்னுபோச்சு. ஒண்ணொண்ணா நாய்ங்க நல்ல வீட்டுக்குப் போச்சு, ஒண்ணொண்ணா இங்க காலு சுத்தமாச்சு, அடிபட்டு வந்ததுக்குக் கூண்டு கெடைச்சுது. அழுதவங்க அழுதாங்க, தடுத்தவங்க யாருமில்லை.

வெசனம் அக்காவை விடலை. நர்ஸம்மா போன் பண்ணி, டிரைவர் கட்டிலுக்கடியில படுத்தவன் படுத்தவன்தான், விசிலடிச்சாலும் எந்திரிக்கலை, சோறும் சரியா எடுக்கலைன்னாங்க. புருஷன் நடை போனதுக்குக் கூட அழாத அக்கா அதுக்கு அழுதுச்சு. அவனைப் பேசாம இங்கயே வெச்சிருந்திருக்கலாமோன்னு எங்கிட்டப் பொலம்புச்சு. எனக்கு நாய் ஆகாதுங்க, இருந்தாலும் ரெண்டு நாளாச் சோறு எறங்கலை.

அப்பறம் ஆனி மழை பிடிச்சுது. ஒரு நாள் காலையில, நாய்ச்சோத்துக்கு மஞ்சப்பொடி தீந்துபோச்சுன்னு அக்கா வீட்டுக்குக் கேட்கப் போனேன். போர்வையை விலக்கிக் காலைக் கழுவப் போன அக்கா, அப்படியே நின்னுருச்சு. செக்கச்செவேல்னு மண்ணு, முழங்கால் வரைக்கும். ஈரம். வெரலிடுக்குல ஒரு தேயிலைக் கொழுந்து. கணுக்கால்ல கறுப்பா, தடிச்சு, ரத்தம் குடிச்சு உப்பி ஒரு அட்டை!

எங்க ஊர்ல ஏதுங்க அட்டை? அது மலையில, மழையில, நடக்கறவங்க கால்ல ஏறுறது.

"எந்திரிச்சுட்டான், பேபி, டிரைவர் எந்திரிச்சுட்டான்!"ன்னு அக்கா என் தோளைப் பிடிச்சு உலுக்குது, அழுவுதா சிரிக்குதான்னு தெரியலை. உப்பை எடுத்து அட்டை மேல வெச்சுது, அட்டை சுருண்டு விழுந்துச்சு, ரத்தம் ஓடுச்சு, அண்ணன் தொண்டைக்குள்ளயே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கறாரு. அக்கா தரையில உக்காந்து அந்தக் காலை மடியில வெச்சுக்கிட்டு, அவரு வேலையில இருந்தப்பத் தூக்கத்துல கூவுனதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஸ்டாப்பையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொல்லுச்சு, வந்தா கையைத் தட்டுங்கன்னு.

"ஆழியாறு? அட்டகட்டி? வாட்டர்ஃபால்ஸ்?"

கை அசையலை.

"கவர்க்கல்?"

கவர்க்கல்னு சொன்னதும் நான் கிட்டக்கப் போய் நின்னுக்கிட்டேன். கை அப்பவும் அசையலை. அக்கா குரல் எறங்கிப்போச்சு. "அய்யர்பாடி?"ன்னுச்சு.

இடது கை கட்டிலை ரெண்டு தடவை ஓங்கி அடிச்சுது பாருங்க, கட்டிலே ஆடிப்போச்சு.

அக்கா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு அவரை மொறைச்சுப் பார்த்துச்சு. கண்ணுல தண்ணி ஓடிட்டே இருக்குது. "ஏனுங், கவர்க்கல் வரைக்கும்தான உங்களுக்கு டிக்கெட்டு? ஒரு ஸ்டாப் தள்ளிப் போயிருக்கீங்களே, கண்டக்டரா இருந்துக்கிட்டு!"